சந்தேகத்தின் பலன்

உள்ளங்கையில் நாலு கொப்புளம். பேனா பிடித்தால் எரிகிறது. இருந்தாலும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும். நாளைக்குத் தள்ளினால் இன்று கண்ணால் பார்த்ததையும் சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவேன். என் குணம் உனக்குத் தெரியாததா?

உப்பு பாக்கெட் போடும் ஷெட்டுக்குப் புது மெஷின் வந்துவிட்டது. எங்களில் பாதிப் பேரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் ஐம்பத்திரண்டு வயதில் உப்பளத்துக்கு இறங்கியிருக்கிறேன். மழை முடிந்து பாத்திகளைச் சமன் செய்கிற நேரம். நீளக் கழி, அதன் நுனியில் குறுக்கே அடித்த பலகை. அதைச் சேற்றின் மேல் வைத்து இழுத்தபடியே பின்பக்கமாக நடக்க வேண்டும். நீ வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை. நான் இருபது வருஷம் ஷெட் வாசலில் நின்று வேடிக்கை பார்த்த வேலை. மரக்காணத்தில் இருந்துகொண்டு பலகை பிடிக்காத கை என்று நீ என்னைக் கிண்டல் செய்வாய்.

ஒரே வருஷத்தில் இந்த ஊருக்கு மருமகள்களாக வந்தோம், நீ பிரம்மதேசத்தில் இருந்து, நான் பொம்மையார்பாளையத்தில் இருந்து. பக்கத்துப் பக்கத்து வீடு. பால்காரர் தண்ணீர் கலக்கிறாரா என்று மற்றவர்கள் கேட்பார்கள், எவ்வளவு கலக்கிறார் என்று நான் கேட்பேன். "உன்கிட்ட சாமி வந்து நின்னாக்கூட ஆதார் கார்டு கேப்படி" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். உன்னிடம் மட்டும் நான் எதையும் கேட்டதில்லை. அந்தத் தை மாதம் வரைக்கும்.

பக்கத்து உப்பளத்து மேஸ்திரிக்கும் உனக்கும் மடையால் தகராறு. நீ சமன் செய்து வைத்த பாத்தியில், அவன் நினைத்த நேரத்துக்கு மடையைத் திறந்து தண்ணீரை விட்டுவிடுவான். இரண்டு நாள் வேலை சேறாகிவிடும். தட்டிக் கேட்டால் வாய்க்கு வந்ததைப் பேசுவான். அன்றைக்கு டீக்கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒரு நாள் இல்ல ஒரு நாள் இவன் தோள எறக்கறேன் பாரு" என்றாய். நான் சிரித்தேன். சிரித்தாலும் அந்த வார்த்தையை மனதில் முடிந்து வைத்துக்கொண்டேன். அப்படி முடிந்து வைப்பதுதான் என் வியாதி.

இரண்டு நாள் கழித்து, காலை பத்து மணி இருக்கும், கூச்சல் கேட்டு ஷெட்டிலிருந்து ஓடி வந்தேன். மேஸ்திரி உன் பாத்திச் சேற்றில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவனுடைய மண்வெட்டி கிடந்தது. நீ பலகையைப் பிடித்தபடி நின்றாய்.

"மம்பட்டிய ஓங்கிட்டு வந்தான்டி. பின்னால போய்க்கினே இருந்தேன், விடல. பலகையால ஒரே அடிதான் அடிச்சேன்" என்றாய்.

"மடை தொறக்கத்தான் வந்தேன். சும்மா நின்னவன அடிச்சிட்டா" என்றான் அவன்.

காரை எலும்பு முறிந்திருந்தது. நடந்ததைக் கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை. அடிபட்டதோ தோள். நீ டீக்கடையில் சொன்ன அதே தோள்.

போலீஸ் வந்து, படிக்கத் தெரிந்தவர் யார் என்று கேட்டார்கள். என்னைக் கூப்பிட்டார்கள். சேற்றில் உன் காலடித் தடம் ஏழு இருந்தது, பின்னோக்கிப் போனது, குதிகால் ஆழமாக. அதற்கு எதிரே அவனுடைய தடம், உன்னைப் பார்த்து வந்தது. அப்படியே எழுதினார்கள். மகஜரில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டேன்.

உன் மேல் கேஸ் போட்டார்கள். உன் வக்கீல் உன்னையும் என்னையும் உட்கார வைத்து விளக்கினார். தன் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து வந்தால் அடிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறதாம். முதல் வெட்டு விழட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லையாம். "ஆனா மூணு விஷயம் பாப்பாங்கம்மா. பயந்ததுக்கு நியாயமான காரணம் இருந்துதா? அடிச்சது அந்த பயத்துக்குத் தக்க அளவா? ஆபத்து நீங்கினப்புறமும் அடிச்சீங்களா?" நீ ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாய். நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், எங்கேயாவது கண் தாழ்கிறதா என்று. இப்போது எழுதவே கூசுகிறது.

அந்த ஏழு தடம்தான் உன் பக்கத்துக்குப் பெரிய பலம். அடிக்க நினைத்தவள் பின்னால் போவாளா என்று உன் வக்கீல் கேட்டார். அதற்கு அரசுத் தரப்பு வக்கீல், பாத்தி சமன் செய்கிறவர்கள் எப்போதும் பின்னால்தான் நடப்பார்கள், அது வேலை செய்த தடம், பயந்து ஒதுங்கிய தடம் இல்லை என்றார். எனக்குச் சுருக்கென்றது. என் மனதில் இருந்ததும் அதேதான். கூண்டில் ஏறினேன். தடம் பின்னோக்கித்தான் போனதா என்று கேட்டார்கள். "ஆமாங்க" என்றேன். டீக்கடைப் பேச்சை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உன்னைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

விடுதலை என்றார்கள். தற்காப்புக்காக அடித்திருக்கலாம், சந்தேகத்தின் பலன் எதிரிக்கு என்று தீர்ப்பில் எழுதியிருந்தது. கோர்ட் பாஷையில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்ட நீதான். பஸ்ஸில் நீ சந்தோஷப்படவே இல்லை.

"நான் தப்பு பண்ணலன்னு எழுதலியா? சந்தேகம்னு இல்ல எழுதியிருக்காரு."

அடுத்த வாரமே வக்கீலிடம் போய் அந்த ஒரு வார்த்தையை எடுத்துவிடச் சொல்லுங்கள் என்று நின்றாய். அது சட்டத்தின் வழக்கமான வாசகம், உனக்கு நல்லதுதான் செய்திருக்கிறது என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். உனக்கு ஆறவில்லை. ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி, "ஜட்ஜுக்கே சந்தேகமாமே" என்று உன் காதில் விழும்படியே சொன்னாள். வீட்டுக்கு வந்து அழுதாய்.

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பெரிய உபகாரி மாதிரி, "விட்டுத் தள்ளுடி. நானே எவ்ளோத்த முழுங்கிக்கினு சாட்சி சொன்னேன்" என்றேன்.

அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தாய். "எத முழுங்கின?"

டீக்கடைப் பேச்சைச் சொன்னேன். தடத்தையும் சொன்னேன். வேலை செய்தாலே பின்னால்தானே நடப்பீர்கள் என்றேன். நீ கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"ஜட்ஜுக்குத் தடம் காட்டினேன். உனக்குமா காட்டணும்?" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாய்.

பதில் இல்லாமல்தான் போகிறாய் என்று அன்றைக்கு நினைத்தேன். அதற்குப் பிறகும் பேசினோம், குழம்பு கொடுத்து வாங்கினோம், விசேஷங்களுக்குச் சேர்ந்து போனோம். ஆனால் என் பக்கத்தில் உட்காரும்போது நீ எதையும் விளையாட்டுக்குக்கூடச் சொல்வதில்லை. வார்த்தையை அளந்து பேசினாய். போன மழைக்காலத்தில் நீ கிட்னி கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பழம் வாங்கிக்கொண்டு வந்தேன். அரை மணி நேரம் மழையைப் பற்றியே பேசினோம். மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

இன்று காலை பலகையை வைத்து இழுத்துக்கொண்டே பின்னால் போனேன். பத்தடி போனதும் இடுப்பு கேட்கவில்லை, நிமிர்ந்தேன். எதிரே நான் நடந்து வந்த சேறு வழவழவென்று இருந்தது. என் தடம் ஒன்றுகூட இல்லை. கால் போன இடத்தின் மேலேயே பலகையும் வருகிறது, ஒவ்வொரு தடத்தையும் அது துடைத்துக்கொண்டு வந்துவிடுகிறது.

நான் நம்பவில்லை. இன்னொரு முறை இழுத்தேன். அப்புறம் பலகையைச் சேற்றில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏழு அடி பின்னால் நடந்தேன். ஏழு தடமும் நின்றது. குதிகால் ஆழமாக, நான் கையெழுத்துப் போட்ட அதே மாதிரி. வேலை செய்திருந்தால் உன் தடம் அழிந்திருக்கும். நீ பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவனுக்குப் பயந்து ஏழு அடி பின்னால் போயிருக்கிறாய். சேற்றிலேயே நின்று அழுதேன்.

மத்தியானச் சோற்று நேரத்தில் இதை உன்னோடு வேலை பார்த்த செல்வியிடம் படபடவென்று சொன்னேன். அவள் மோர் மிளகாயைக் கடித்தபடி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"இது தெரியாதாக்கா? அன்னிக்கு அந்தத் தடத்தப் பாத்ததுமே எங்க எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு, அவன்தான் அவங்க மேல பாய்ஞ்சு வந்திருக்கான்னு."

"கோர்ட்ல ஏன்டி யாரும் சொல்லல?"

"எங்கள யாரு கேட்டாங்க? பலகையப் பத்தி அவங்களயே யாரும் கேக்கலியே. படிச்சவங்க நீங்க போறீங்க, பாத்துப்பீங்கன்னு இருந்துட்டோம்." சோற்றுத் தூக்கை மூடினாள். "ஊர்ல யாரு இன்னா பேசினாலும் நீங்க அவங்கள விட்டுக் குடுக்கலியேக்கா. கடைசி வரைக்கும் அவங்களுக்கு நீங்க ஒருத்தர்தான."

நான் குனிந்து சோற்றைப் பிசைந்தேன். வெட்கப்படுகிறேன் என்று நினைத்து, அவள் தன் பாத்திரத்திலிருந்த மீன் துண்டை எடுத்து என் சோற்றில் வைத்தாள். மற்றவர்களும் நகர்ந்து எனக்கு நிழலில் இடம் விட்டார்கள். உட்கார்ந்து சாப்பிட்டேன். உன் மேல் சந்தேகம் இருந்தது அந்த வரப்பில் எனக்கு மட்டும்தான் என்று அவர்களிடம் சொல்ல வாய் வரவில்லை.

இத்தனை பேரில் என் மேல் ஒருத்திக்கும் சந்தேகம் வரவில்லை. உனக்கு மட்டும்தான் வந்தது. அது சரியாகவும் இருந்தது.