ரெண்டு லீவரா, நாலு லீவரா

மார்ச் 3
இன்று படப்பிடிப்பில் மின்னல் காட்சி. மின்னலுக்கு முன்னால் துணை விமானியின் தோளில் மூன்று பட்டை, பின்னால் நான்கு. நடுவானில் பதவி உயர்வு! நான் கத்தியதால் திரும்ப எடுத்தார்கள். காட்சிக்குக் காட்சி எதுவும் மாறாமல் கன்டின்யூட்டி பார்க்க என்னை வைத்திருப்பதே அதற்குத்தானே. பக்கத்திலேயே கேப்டன் இருந்தார் — படத்துக்கு விமான ஆலோசகர், அடுத்த மாதம் என் அக்காவைக் கட்டிக்கொள்ளப் போகிறவர். அவர் கண்ணில் படவில்லை. நிஜ விமானிக்குப் படாதா?

மார்ச் 5
வெளியிலிருந்து காட்டும்போது நம் விமானத்துக்கு நாலு என்ஜின். செட்டில் இருக்கும் காக்பிட்டிலோ வேகத்துக்கான லீவர் ரெண்டுதான். என்ஜினுக்கு ஒன்று வேண்டும் என்று படித்தேன். ஆலோசகர் இத்தனை நாளும் வாயே திறக்கவில்லை. டைரக்டரைத் தனியாகப் பிடித்துச் சொன்னேன். "எவம்மா எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கப் போறான்?" என்று போய்விட்டார்.

மார்ச் 9
கேப்டன் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அம்மா கேட்டதும் தன் வீரக் கதையை அவிழ்த்துவிட்டார். நாலு என்ஜின் விமானம், மின்னல், ஒரு என்ஜினில் தீ. "ரெண்டு லீவரையும் சேர்த்து இழுத்தேன் அத்தை." அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நாலு என்ஜினுக்கு ரெண்டு லீவர் இருக்கிற இடம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். எங்கள் படத்து செட். அதுவும் பிளைவுட்டில்.

மார்ச் 10
அக்காவிடம் சொல்லித் தொலைத்தேன்.
"போன தடவை என்னைப் பொண்ணு பார்க்க வந்தவரையும் வாட்ச் இந்தக் கையிலேர்ந்து அந்தக் கைக்கு மாறிடுச்சுன்னு சொல்லித்தானே விரட்டினே? என்னை யாரும் கூட்டிட்டுப் போயிடக் கூடாது உனக்கு. அவ்ளோதான்."
அப்படியா? நானா? தெரியலை. இருந்தாலும் இருக்கும். ஆனா அந்தாளு பொய் சொல்றான்! அவனை நம்பி வேலையை விட்டுட்டு அவன் ஊருக்கே போறாளாம். எப்படி அனுப்புறது?

மார்ச் 12
தூக்கமில்லை.

மார்ச் 14
டைரக்டர் நாலு லீவர் வைக்கச் சொன்னதாக செட் தச்சரிடம் கூசாமல் புளுகினேன். மத்தியானத்துக்குள் நாலும் முளைத்துவிட்டது. பாதிப் படம் ரெண்டில் எடுத்தாகிவிட்டது, மீதி நாலில் ஓடும். தெரிந்தே செய்கிறேன்.
"நாலு என்ஜின்னா நாலு லீவராமே சார்?" என்றார் தச்சர். கேப்டன் நாலையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "ஆமா, இப்பதான் சரியா இருக்கு."

மார்ச் 20
சித்தப்பா வந்திருந்தார். "அந்த மின்னல் கதையை இவருக்கும் சொல்லுங்களேன்" என்றேன், தேன் ஒழுக.
அதே மின்னல், அதே தீ. "நாலு லீவரையும் சேர்த்து இழுத்தேன் மாமா."
பரிமாறிக்கொண்டிருந்த அக்காவின் கரண்டி நின்றது.
"அன்னிக்கு ரெண்டுன்னீங்களே?"
"ரெண்டா? நீ தப்பாக் கேட்டிருப்பே."
அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

மார்ச் 21
கேப்டன் படப்பிடிப்புக்கு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. அக்கா கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள். ஜெயித்த மாதிரியே இல்லை.

நவம்பர் 8
படம் வந்துவிட்டது. அக்காவும் நானும் போய்ப் பார்த்தோம். வீட்டுக்கு வந்ததும், நெட்டில் தப்பு கண்டுபிடிக்கிறவர்கள் எழுதியிருந்ததை அக்கா சத்தமாக வாசித்தாள்: "ஒரு காட்சியில் ரெண்டு லீவர், அடுத்த காட்சியில் நாலு. கன்டின்யூட்டி பார்த்தவர் தூங்கிட்டாரா?"
"உன் மானமே போச்சேடி" என்றாள்.
"போனாப் போகுது."
அக்கா சிரித்தாள். மார்ச்சுக்கு அப்புறம் இன்றுதான். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன்.