பஞ்சாமிர்த டப்பாவை இப்போது திறக்காதே

அன்பு மகன் குகனுக்குப் பழனியிலிருந்து அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அங்கே நீயும் ஜெயப்பிரியாவும் சுகமாயிருக்க தண்டாயுதபாணி துணை. மூன்று நாளாகத் தூறல், கடை திறக்கும்போது கொடைக்கானல் மலை இருந்த இடமே தெரியவில்லை.

நீ மறைத்தாலும் ஜெயப்பிரியா சொல்லிவிட்டாள். மூன்று மாதமாக மலத்தில் ரத்தம், குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்க டாக்டர் சொல்லியும் நீ தேதியைத் தள்ளிக்கொண்டே போகிறாயாமே. உன் பொன்னுவேல் மாமாவும் இப்படித்தான் மூலம் மூலம் என்று சொல்லியே நம்மை விட்டுப் போனான். ஏலே குகா, உன்னைத் திட்டி என்ன ஆகப்போகிறது, கூடப்பிறந்தவனுக்குக் குடலில் புற்று வந்ததால் நானும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்கே டாக்டர் சொன்னார், அதனால் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் அதே டெஸ்டுக்கு நானே முதலில் போய்ப் படுத்துவிட்டேன்.

முந்தின நாள்தான் பாடு. இளநீர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், பிறகு மருந்துப் பொடி கலந்த தண்ணீர் இரண்டு லிட்டர், ஒரே உப்பு, குடித்தால் கக்கூசே கதி. எல்லாம் முடித்து உட்கார்ந்தால் பக்கத்துக் கடை ராஜகுமாரி அபிஷேகப் பஞ்சாமிர்தம் ஒரு கிண்ணம் நீட்டுகிறாள். சாமி பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல வாய் வருமா, வழித்துச் சாப்பிட்டுவிட்டேன். மறுநாள் டாக்டர், உள்ள பேரீச்சம்பழத் துணுக்காக் கெடக்கும்மா, ஒண்ணும் தெரியல என்று பாதியில் நிறுத்தி அடுத்த வாரம் வரச் சொன்னார். அப்பா வீடு வரும்வரை பஸ்ஸில் சிரித்தார்.

இரண்டாம் தடவை ஒழுங்காகப் போனேன். இடதுபக்கம் ஒருக்களித்து முழங்காலை மடக்கிப் படுத்தேன், கையில் ஊசி, எண்ணுங்கம்மா என்றாள் நர்ஸ். நாலு எண்ணியிருப்பேன். பார்த்தால் நானும் பொன்னுவேலும் கொடைக்கானல் பஸ்ஸில் போகிறோம், வெளியே ஒரே வெள்ளை, மரமும் இல்லை ரோடும் இல்லை, அவன் மடியில் ஒரு பை பிளம்ஸ். ஒரு வளைவில் பஸ் நின்றது, அவன் இறங்கினான், நானும் எழுந்தேன். நீ ஒக்காருக்கா, இது ஒன் ஸ்டாப் இல்ல என்றான். மூடுபனிக்குள் போய்விட்டான். கண்ணைத் திறந்தால் எல்லாம் முடிந்து அரைமணி நேரம் ஆகியிருந்தது. வலியே இல்லை, வயிறுதான் உப்பிக் கிடந்தது, காத்து பிரியட்டும், கூச்சப்படாதீங்க என்று நர்ஸே சொன்னாள். உள்ளே சின்னதாக ஒரு சதை வளர்ந்திருந்ததாம், அப்போதே எடுத்துவிட்டார்கள். இப்போதைக்குக் கெட்டது இல்லை, விட்டிருந்தா ஆகியிருக்கும் என்றார் டாக்டர். அப்போதுதான் அழுதேன். அவனும் ஒருதடவை போய்ப் படுத்திருந்தால் இன்றைக்கு இருந்திருப்பானே.

வெட்கம் பார்க்காதே, வெரசா தேதி வாங்கு. ஜெயப்பிரியா கூட வரட்டும், அன்றைக்கு நீ கார் ஓட்டாதே. நூறு வயது நல்லா இரு. இந்தக் கடிதத்தோடு பஞ்சாமிர்தம் ஒரு டப்பா வைத்திருக்கிறேன், டெஸ்ட் முடிந்து கண் விழித்த பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். அதுவரை முருகன் பொறுத்துக்கொள்வான், நான் பொறுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா சண்முகவள்ளி