கோட்டைத் தாண்டிய விமானம்

வியாழக்கிழமை, இரவு

பரிசுக் கோப்பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

இன்று பள்ளிக் கண்காட்சியில் ஒரு மாதிரி விமான நிலையம் வைத்தோம். நான் கட்டுப்பாட்டுக் கோபுரம், என் தோழி ஷமீமா விமானி. ஓடுபாதைக்கு முன்னால் மஞ்சள் கோடு போட்டிருந்தோம். கோபுரம் சொல்வதை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அனுமதி வரும்வரை கோட்டைத் தாண்டக் கூடாது. நாங்கள் காட்ட நினைத்ததே அதைத்தான். இரண்டு பொம்மை விமானங்களும் பீங்கான். ஷமீமாவின் அம்மா தான் வேலை பார்க்கும் சூளையில் சுட்டுக் கொடுத்தவை.

சிறப்பு விருந்தினர் வந்ததும் தொடங்கினோம்.

"இன்னொரு விமானம் இறங்குது. கோட்டுக்கு முன்னாடியே நில்லு," என்றேன்.

"கோட்டுக்கு முன்னாடியே நிக்கிறேன்," என்றாள் ஷமீமா. மற்ற விமானம் நூலில் இறங்கிக்கொண்டிருந்தது.

"எதுக்கும்மா நிக்கணும்? பறக்க வுடுங்க, போட்டோ எடுக்கணும்ல," என்றார் விருந்தினர்.

"சார், இன்னும் அனுமதி தரல," என்றேன்.

அவர் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஷமீமாவின் விமானத்தைக் கோட்டுக்கு அப்பால் கையால் தள்ளினார். இரண்டும் மோதின. ஓர் இறக்கை உடைந்து விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"சிரிம்மா, சார் நிக்கிறாங்க இல்ல," என்று தலைமையாசிரியை என் தோளை அழுத்தினார். சிரித்தேன். சீ. முதல் பரிசும் எங்களுக்கே.

ஷமீமா துண்டுகளைப் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்தாள். அவள் அப்பா துபாயில் வேலை பார்க்கிறார். "நாளன்னிக்கு எங்க அத்தா துபாய்லேருந்து விமானம் ஏறுறாங்கடி. அங்க இவரு மாதிரி யாரும் இருக்க மாட்டாங்கல்ல?"

இருக்க மாட்டாங்க என்றேன். எனக்கு எப்படித் தெரியும்?