விரால் தலை யாருக்கு

பூந்தமல்லி,
1937 செப்டம்பர், சனிக்கிழமை

சேசு மரி சூசை துணை.

அன்பு மகன் ஜெயபாலுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நைனா, நான், சவரி மூன்று பேரும் கை கால் சுகமாய் இருக்கிறோம், அப்படியே ரங்கூனில் நீயும் மருமகளும் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலையில் கேட்டுக்கொள்கிறேன். நைனாவுக்கு முழங்கால் வலி இந்த வருஷம் மழைக்கு முன்னாலேயே வந்துவிட்டது, தோட்டத்துக்குப் போக வேண்டாம் என்றால் கேட்கிற மனிதரா அவர். செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் இறங்கி மீன் மலிவாய் வருகிறது. போன கடிதத்தில் நீ, சவரியைத் திருப்பி அழைத்துப் போய்விடுவார்களா அம்மா என்று கேட்டிருந்தாய். அந்தப் பயத்தில்தான் இந்த வாரம் முழுக்கச் செத்துப் பிழைத்தேன், நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

பட்டணத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு வைத்துக்கொண்டு அடித்துச் சூடு போட்ட பிள்ளை சவரியைக் குழந்தைகள் காப்புச் சங்கத்தார் மீட்டு, ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் நம் வீட்டில் விட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். அவளைப் பார்த்துப்போக ஞானகுமாரி என்கிற பெண்ணைச் சங்கத்தார் மாதா மாதம் அனுப்புகிறார்கள். அவள்மேல் எனக்குப் பெரிய மதிப்பு இருந்தது என்று சொன்னால் பொய். பஸ் ஏறி வருவாள், சவரியோடு தரையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரிப்பாள், என்னத்தையோ பேசிச் சிரிப்பாள், போய்விடுவாள். போகும்போது மட்டும், அக்கா, அவ எதிர்ல சட்டுனு கையத் தூக்காதீங்க, கொசு அடிக்கறதா இருந்தாலும் சொல்லிட்டு அடிங்க என்பாள். கொசுவுக்கு நோட்டீஸ் கொடுக்கச் சொல்வதற்கு ஒரு உத்தியோகமா என்று நைனாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஆனாலும் அவள் சொன்னபடிதான் நடந்துகொண்டேன், ஏனென்றால் வந்த புதிதில் நான் கொடியில் துணி போடக் கை தூக்கினால்கூட அந்தப் பிள்ளை இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு குந்திவிடும், பார்க்கச் சகிக்காது.

இப்படி இருக்கும்போது, ஞானகுமாரி மாதிரி ஊர் ஊராய்ப் போகிறவர்கள் ஒழுங்காக வேலை செய்கிறார்களா என்று பரீட்சை செய்ய ஒரு அம்மாள் வருகிறார் என்று சொல்லி அனுப்பினார்கள். வேறு எங்கேயோ ஒருத்தி பிள்ளை இருக்கும் வீட்டு வாசலைக்கூட மிதிக்காமல் பிள்ளை சுகம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாளாம், அதனால் வந்த வினை. வேலை சரியில்லை என்று அந்த அம்மாள் சொன்னால் ஞானகுமாரிக்கு உத்தியோகம் போகும், சவரி சங்கத்து விடுதிக்குப் போவாள். நான் என்ன செய்தேன் தெரியுமா, கோயிலில் ஞானோபதேசம் படிப்பிக்கிற மாதிரி வருகிறவரிடம் சொல்ல வேண்டியதைக் கேள்வியும் பதிலுமாய்ச் சவரியை நெட்டுருப் போட வைத்தேன். புதுப் பாவாடை கட்டி, இன்றைக்கு ஒரு வேலையும் தொடாதே என்று நைனாவின் நாற்காலியில் உட்கார வைத்தேன். நைனா அந்த வெயிலில் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றார்.

நேற்று வெள்ளிக்கிழமை அந்த அம்மாள் வந்தார், நாகவல்லி அம்மாள் என்று பேர், நரைத்த தலை, கையில் குடை. பாப்பா இங்க சாப்பாடெல்லாம் என்று அவர் வாயெடுத்ததுதான் தாமதம், சவரி கண்ணை மூடிக்கொண்டு, எனக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு போடுகிறவர் என் அம்மா, என்னை அடியாதவரும் அவரே, ஆமென் என்று ராகம் போட்டு ஒப்பித்துவிட்டாள். அந்த அம்மாள் பேனாவை மூடி வைத்துவிட்டார். குடி கெட்டது என்று நினைத்துக்கொண்டேன். அவரோ கோபிக்கவில்லை, வெயிலா இருக்குதும்மா, இங்கேயே ஒரு வாய் சாப்பிட்டுப் போறேன் என்றார்.

விரால் குழம்பு வைத்திருந்தேன். விரால் தலை இந்த வீட்டில் எப்போதும் உனக்குத்தானே, நீ கப்பல் ஏறின பிறகு அது சவரிக்கு என்று ஆகிவிட்டது, காலையில் மீன் கழுவும்போதும் அவளிடம் அப்படித்தான் சொல்லியிருந்தேன். வந்தவருக்கு மரியாதை என்று தலையைத் தூக்கி நாகவல்லி அம்மாள் இலையில் வைத்தேனோ இல்லையோ, நாற்காலியில் இருந்தவள் குதித்து வந்து, அது எனக்குன்னு சொல்லிகினு இருந்தியே, இப்ப இன்னாத்துக்கு அவங்களுக்குப் போட்ட என்று கேட்டாள். எனக்கு மானம் போய்விட்டது. வாய மூடுடி என்று கையில் இருந்த கரண்டியோடு ஓங்கிவிட்டேன். ஓங்கின பிறகுதான் என் கை எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது. நைனா கண்ணை மூடிக்கொண்டார்.

ஜெயபால், அந்தப் பிள்ளை குனியவில்லை. இடுப்பில் வைத்த கையை எடுக்கக்கூட இல்லை. கரண்டியை அண்ணாந்து பார்த்து, கீழ வையி, கொழம்பு சிந்துது பாரு என்று என்னையே அதட்டினாள்.

நாகவல்லி அம்மாள் இன்னும் இலையில் கை வைத்திருக்கவில்லை. தலையை எடுத்துச் சவரி இலையில் வைத்துவிட்டு என்னிடம் சொன்னார், துணிமணியும் சோறும் யார் வேணும்னாலும் ஒரு நாளைக்குக் காட்டிடலாம்மா, கை ஓங்கினா குனியாத கழுத்தை ஒரு நாள்ல செஞ்சு காட்ட முடியாது, நான் தேடிகினு வந்தது அதைத்தான். அப்போதுதான் புரிந்தது, அவர் என் கையைப் பார்க்கவே இல்லை, பிள்ளையின் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஞானகுமாரி எழுதிக் கொடுத்ததில் இருந்த வேர்க்கடலைக்கும் காரணம் சொன்னார். எதிரே உட்கார வைத்துக் கேட்டால் அடிபட்ட பிள்ளை பேசாதாம், கைக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் தானாய்ச் சொல்லுமாம், அப்படித்தான் ஞானகுமாரி இவளுடைய பயத்தை ஒவ்வொன்றாய்த் தெரிந்துகொண்டு எனக்கு வழி சொன்னாளாம். பூசையில் சுவாமியார் நற்கருணையைத் தூக்கிக் காட்டி எழுந்தேற்றத்து மணி அடிக்கும்போது தலை தானாகத் தாழுமே, அந்த மாதிரி இருந்தது எனக்கு. என் கண்ணெதிரே இவ்வளவு பெரிய வேலை நடந்திருக்கிறது, நானோ கடலைத் தொலியைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டு முணுமுணுத்திருக்கிறேன்.

சவரி இங்கேயே இருக்கலாம் என்று சொல்லிவிட்டார், புதிதாய் வருகிறவர்களுக்கு ஞானகுமாரியே வேலை பழக்க வேண்டுமாம். எனக்கும் புத்திமதி கிடைத்தது. பிள்ளையைக் கிளி மாதிரிப் பழக்காதீங்க, விருந்தாளி மாதிரி உக்கார வைக்காதீங்க, தண்ணி எடுக்கச் சொல்லுங்க, கரண்டியை மட்டும் இன்னொரு தரம் ஓங்காதீங்க என்றார். சரிங்கம்மா என்றேன், வேறு என்ன சொல்வேன்.

மருமகளுக்கு மாதம் ஏறிக்கொண்டு வருகிறது, கனத்த குடம் தூக்க விடாதே, ஞாயிறு பூசையை விடாதே. பிறக்கிற பிள்ளை எதிரில் கோபத்தில் கை தூக்காதே, நைனா உன்னிடம் அப்படி இருந்தார் என்று நீயும் இருக்காதே. வேளாங்கண்ணி மாதா உங்கள் இருவரையும் வயிற்றில் இருக்கிற சிசுவையும் காப்பாளாக. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். நீ ஊருக்கு வரும்போது விரால் தலை உனக்குக் கிடையாது. கேட்டுப் பார், சண்டைக்கு வருவாள். அப்படி அவள் சண்டைக்கு வர வேண்டும் என்றுதான் நாங்கள் இத்தனை பேர் பாடுபட்டிருக்கிறோம்.

உன் அம்மா,
கி. ஆரோக்கியம்மாள்