கேலனுக்கு இருபத்தொரு மைல்

24-2-58, திங்கள்

காலையில் லேசான பனி. ஒன்பது மணிக்குள் வெயில் சுள்ளென்று வந்துவிட்டது.

டாங்க் நிரப்பினேன். போன திங்கட்கிழமைக்குப் பிறகு இன்று பிடித்தது 3¾ கேலன். ஓடியது ஆறு நாள், நாளுக்கு 13 மைல், ஆக 78. வகுத்தால் கேலனுக்கு இருபத்தொன்றுகூட முழுசாக இல்லை.

துரை சொன்னது முப்பது. ரயில்வேயில் இருந்தவர், என் பேஷண்ட். அவர் கடைவாய்ப் பற்கள் நான்கை நான்தான் பிடுங்கினேன். சீமைக்குத் திரும்பும்போது இந்த இரண்டு சீட்டுச் சிவப்பு வண்டியை எனக்கே கொடுத்துவிட்டுப் போனார். அது நன்றியா பழியா என்று இப்போது சந்தேகம்.

மைல் காட்டும் கருவி வந்த நாளிலிருந்து ஓடவில்லை. அதற்குள் போகும் கம்பி அறுந்திருக்கிறது. மெட்ராஸில் கிடைக்காது என்று கடிதம் வந்துவிட்டது. அதனால் கணக்கெல்லாம் மனக்கணக்குத்தான். கோயில் வீதியிலுள்ள வீட்டிலிருந்து, ஆற்றுப் பாலம் தாண்டி, திருச்சி தெப்பக்குளத்தருகே கிளினிக் வரை 3¼ மைல். சைக்கிளில் போன காலத்தில் மீட்டர் வைத்து அளந்தது. மதியம் சாப்பாட்டுக்கு வந்து போவதால் நாளுக்கு நாலு நடை. (வெளியில் சாப்பிடும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.)

இன்று: எட்டுப் பல் பிடுங்கல், இரண்டு அடைப்பு. ஒருவர் காசு கொடுக்காமல் பூவன் வாழைத்தார் கொடுத்தார்.

25-2, செவ்வாய்

கோமளத்துக்கு மூட்டு வலி அதிகம். தைல வாசனை வீடு முழுக்க. இரண்டு வருஷமாகக் கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி வலம் வர முடியவில்லை அவளுக்கு. முன்பெல்லாம் விடியற்காலையில் நாலு வீதியும் சுற்றிவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவாள். இப்போது வாசற்படி வரைதான் நடமாட்டம்.

வண்டியைப் பற்றி இன்று பேச்சு.

"மோர் குடிக்கறாப்பல குடிக்கறதே! அதுல நான் ஏறினதும் இல்லை, ஏறப் போறதும் இல்லை. அவ்வளவு தாழ்ச்சியா சீட்டு. உக்காந்தா யார் என்னைத் தூக்கி விடறது?"

நியாயம்தான். என் பயம் வேறு. இப்படிக் குடித்தால் எஞ்சினுக்குள் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்க வேண்டும். இந்த வண்டிக்கு ரிங் இந்தத் தேசத்திலேயே கிடையாது. கெட்டு நின்றால் நின்றதுதான், வாசலில் வைத்துத் துளசி வளர்க்கலாம்.

லால்குடியில் ஒரு மிராசுதார் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பம்பாயில் ஆள் உண்டு, எப்படியாவது ரிங் தருவித்துக்கொள்வார். மார்ச் 9 ஞாயிறு வருகிறாராம். அதற்குள் கோளாறு இன்னதென்று தெரியாவிட்டால் கொடுத்துவிடுவது. கோமளத்திடம் வாக்குக் கொடுத்தேன். கொடுத்த பிறகு சாத்தமுது சாதத்தோடு எழுந்துவிட்டேன், மோருக்குக் காத்திருக்கவில்லை.

26-2, புதன்

சந்தேகங்கள்:
கார்புரேட்டர் (இரண்டு இருக்கிறது, இரண்டும் சண்டைக்காரப் பங்காளிகள்)
பிளக்
டயரில் காற்று
பிரேக் பிடித்தபடியே ஓடுகிறதா
டாங்க் ஒழுகல்
ரிங்

27-2, வியாழன்

பாலக்கரை மெக்கானிக் சவரிமுத்து காலை ஆறரைக்குச் சைக்கிளில் வீட்டுக்கே வந்துவிட்டார். இந்த வண்டியைத் தொடும் தைரியம் திருச்சியில் அவர் ஒருவருக்குத்தான். கீழச் சித்திரை வீதியில் துண்டை விரித்து, வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டார். கோலம் போட்டு முடித்த மாமிகள் நாலு பேர் வேடிக்கை. எதிர்வீட்டு சேஷாத்ரி, "என்ன ஓய், குதிரை வாகனத்துக்கு உடம்பு சரியில்லையா?" என்கிறார். வீதியில் என் வண்டிக்கு வைத்திருக்கும் பெயர் அது.

ஒழுகல் இல்லை. பிரேக் சரி. இரண்டு கார்புரேட்டரையும் ரப்பர் குழாயைக் காதில் வைத்துக் கேட்டுக் கேட்டுத் திருகினார். நான் நாடி பார்க்கும்போதுகூட அவ்வளவு கவனமாகப் பார்ப்பதில்லை.

"இன்ஜின்ல ஒண்ணும் இல்லைங்க சார். ராஜா மாதிரி இருக்கு."

"பின்னே பெட்ரோல் எங்கே போகிறது?"

"அதைத்தாங்க நானும் கேக்குறேன்."

1-3, சனி

தெப்ப உற்சவத்துக்கு வந்த வெளியூர்க் கூட்டம். பாலத்தில் மாட்டு வண்டிகளுக்குப் பின்னால் அரை மணி நேரம்.

சாயங்காலம் டாங்க் நிரப்பினேன். கேலனுக்கு 20½. அவர் திருகிய பிறகு இன்னும் குறைந்திருக்கிறது! கூட்டத்தில் ஊர்ந்ததால் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மனம் கேட்கவில்லை. இரவு தயிர்சாதமும் மாவடுவும்.

2-3, ஞாயிறு

நல்ல நாள். இப்படி ஒரு நாள் வந்து ரொம்ப நாளாயிற்று.

சவரிமுத்துவின் யோசனை. டாங்கை விட்டுவிட்டு, ஒரு பைன்ட் பாட்டிலில் பெட்ரோல் அளந்து, அதை முன்கண்ணாடிச் சட்டத்தில் கட்டி, அதிலிருந்து குழாய் விட்டார். மாதா கோயிலில் பூசை முடிந்து அவர் வந்த பிறகு கிளம்பினோம். ஜீயபுரம் சாலை. மைல் கல் பக்கத்தில் நிறுத்தி, குழாயைத் திறந்து, புறப்பாடு. ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் வாழை. எண்ணெய் வாசனை, சேற்று வாசனை. மேலே கூரை இல்லை. என் குடுமி அவிழ்ந்து பறக்கிறது, ஐம்பத்திரண்டு வயதில். நான் சத்தமாகச் சிரித்திருக்கிறேன் போலிருக்கிறது, சவரிமுத்து திரும்பிப் பார்த்தார்.

பாட்டில் காலியாகி வண்டி நின்ற இடம்: நாலாவது மைல் கல்லுக்கு அரை பர்லாங் முன்னால். ஒரு கேலனுக்கு எட்டு பைன்ட். அப்படியானால் முப்பத்தொன்று!

துரை பொய் சொல்லவில்லை. ரிங் பத்திரம். சாலையோரத்தில் இளநீர் குடித்தோம்.

திரும்பும்போதுதான் உறைத்தது. ஜீயபுரத்தில் முப்பத்தொன்று, வீட்டுக்கும் கிளினிக்குக்கும் நடுவில் இருபத்தொன்று என்றால், நடுவில் யாரோ எடுக்கிறார்கள்.

3-3, திங்கள்

எழுதவே கூச்சமாக இருக்கிறது. சவரிமுத்துவின் மேல் சந்தேகம். டாங்க் மூடிக்கு இன்னொரு சாவி அவரிடம்தான். போன வாரம் இரண்டு நாள் கிளினிக் வாசலில் வந்து வண்டியைப் பார்த்தார்.

நேற்று அவர் வாங்கிக் கொடுத்த இளநீரைக் குடித்துவிட்டு இன்று இப்படி எழுதுகிறேன். இல்லாத பல் வலியைச் சொல்கிறான் என்று ஒரு பேஷண்ட் பையனை ஒரு தடவை சந்தேகப்பட்டேன், பிறகு எக்ஸ்ரேயில் பார்த்தால் அவன் சொன்னதுதான் சரி. அதிலிருந்தும் புத்தி வரவில்லை.

மூங்கில் குச்சியில் கத்தியால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். நிறுத்தும்போது ஒரு தடவை, எடுக்கும்போது ஒரு தடவை டாங்கில் விட்டுப் பார்ப்பது.

4-3, செவ்வாய்

குச்சி. வீட்டு வாசலில் இரவு முழுக்க நின்றும் ஒரு நூல் குறையவில்லை. கிளினிக் வாசலிலும் இல்லை. ஓடும்போது மட்டும்தான் குறைகிறது.

யாரும் எடுக்கவில்லை. சவரிமுத்துவை நினைத்து வெட்கம். பல் வலி என்று வருகிறவர்கள் பத்தில் ஆறு பேர் நல்ல பல்லைத்தான் காட்டுவார்கள். "இதுதான் டாக்டர், இதைப் பிடுங்குங்க" என்று அடம் பிடிப்பார்கள். நான் சிரிப்பேன். இனிமேல் சிரிக்கக் கூடாது.

5-3, புதன்

பாலக்கரை போய் சவரிமுத்துவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், சந்தேகப்பட்டதையும் சேர்த்து. கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். பிறகு சாவியை எடுத்து என் பையில் போட்டார்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும் சார். எனக்கும் நிம்மதி."

எனக்கு நிம்மதி இல்லை.

கிளம்பும்போது அவரே கூப்பிட்டார். "வண்டியைப் பார்த்தாச்சு. நீங்க ஓட்டுறதைத்தான் பார்க்கலை. நாளைக்கு மத்தியானம் வரேன், கூட உக்காந்துக்கறேன்."

6-3, வியாழன்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மதியம் பன்னிரண்டரை. கிளினிக்கிலிருந்து வீட்டுக்கு. சவரிமுத்து பக்கத்தில். பாலம், அம்மா மண்டபம் சாலை, எல்லாம் ஒழுங்கு. கியர் மாற்றுவதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ராய கோபுரம் தாண்டி, அடுத்த கோபுரத்துக்குள் நுழைந்து இடது பக்கம் திரும்பினேன். தெற்குச் சித்திரை, மேலச் சித்திரை. மாடு, தண்ணீர்க் குடம், வற்றல் காய்கிற பாய். இரண்டாவது கியருக்கு மேல் போகவே முடியாது. வடக்கு வீதி திரும்பும்போது கேட்டார்.

"இந்தப் பக்கம் ஏதாவது வேலை இருக்குங்களா சார்?"

"இல்லையே. நேரே சாப்பாட்டுக்குத்தான்."

"வீடு கீழச் சித்திரை வீதி, தெற்கு முனைதானே?"

"ஆமாம்."

"அன்னிக்கு நான் சைக்கிள்ல கோபுரத்தைத் தாண்டி வலது பக்கம் திரும்பினேன். ரெண்டு நிமிஷம்கூட ஆகலை. நீங்க ஏன் சார் ஊரையே சுத்துறீங்க?"

சத்தியமாக எனக்குக் கேள்வி புரியவில்லை.

"வலது பக்கம் திரும்பினால் பெருமாள் இடது கைப் பக்கம் வந்துவிடுவாரே. அப்பிரதட்சிணம் ஆகிவிடாதா?"

"தினமும் இப்படித்தானா?"

"வேறு எப்படி வருவது?"

"போகும்போது?"

"போகும்போது வீட்டிலிருந்து தெற்கே வந்து நேரே கோபுரம். அதுவே வலம்தான்."

"மூணேகால் மைல்னு அளந்தீங்களே, அது போகும்போதா, வரும்போதா?"

வண்டியை நிறுத்திவிட்டேன். நடு வடக்கு வீதியில். பின்னால் வந்த வைக்கோல் வண்டிக்காரர், "சாமி, ஓரமா நில்லுங்க!" என்று கத்துகிறார். அளந்தது காலையில், போகும்போது. வருவதும் அதே தூரம் என்று நாலால் பெருக்கிவிட்டேன். ஐம்பத்திரண்டு வருஷமாக, நடந்தும் சைக்கிளிலும், கடைசியில் இந்தச் சிவப்பு வண்டியிலும் ஊரைச் சுற்றித்தான் வீட்டுக்கு வந்திருக்கிறேன். அது சுற்று என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. வீட்டுக்கு வழி அதுதான்.

சவரிமுத்து டாஷ்போர்டுமேல் தலையை வைத்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். நேற்று வாங்கிய சாவியை அவர் சட்டைப் பையில் போட்டேன். மறுக்கவில்லை.

சாயங்காலம் பழைய சைக்கிளில் மீட்டரோடு சுற்றி வந்தேன். வித்தியாசம் ஒன்றேகால் மைல். நாளுக்கு இரண்டு தடவை. ஆறு நாளுக்கு 78 இல்லை, 93. ஆக, இருபத்தைந்து. மீதி, மாடுகளுக்கு நடுவே இரண்டாவது கியரில் ஊர்ந்தது.

கோமளத்திடம் சொன்னேன். அப்பளம் பொரித்தபடியே கேட்டாள்.

"காரணம் தெரிஞ்சுடுத்து. சரி. இனிமே குறையுமா?"

"வலது பக்கம் திரும்பினால் குறையும்."

அப்பளம் ஒன்று கருகியது.

7-3, வெள்ளி

மதியம். ராய கோபுரத்தை அடுத்த கோபுரம். வலது கையை நீட்டி சிக்னல்கூடக் காட்டினேன். பூக்கடைக்காரி ஒதுங்கி வழி விட்டாள். கை ஸ்டீயரிங்கைத் திருப்பமாட்டேன் என்கிறது. எத்தனையோ பேர் அந்தப் பக்கம் திரும்புகிறார்கள், பெருமாள் யாரையும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. இருந்தாலும் முடியவில்லை.

இடது பக்கமே வந்தேன். சாதம் ஆறிவிட்டது.

வண்டி இப்படியேதான் குடிக்கும். அப்படியானால் லால்குடிக்கே போகட்டுமா? காரணம் தெரிந்தால் போதும் என்பதுதான் நான் கொடுத்த வாக்கு. கோமளம் மனதில் என்ன என்று தெரியாமல் அதைச் சாக்காகச் சொல்லப் பிடிக்கவில்லை.

8-3, சனி

காற்றே இல்லை. வண்டியைத் துடைத்தேன், இரண்டு தடவை. கடைசித் தடவையாக இருக்கலாம் என்று நினைத்தபோது கண் கலங்கியது. ஒரு வண்டிக்காக அழுவதா என்று என்னையே திட்டிக்கொண்டேன். கோமளம் ரேழியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

9-3, ஞாயிறு

மிராசுதார் ஒன்பது மணிக்கு வந்தார். பட்டு அங்கவஸ்திரம், வெற்றிலைப் பெட்டி. வண்டியைச் சுற்றி வந்து பானெட்டைத் தட்டினார்.

"கேலனுக்கு எவ்வளவு குடுக்குதுங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே இருந்து கோமளம் காபியோடு வந்தாள், ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி.

"காபி சாப்பிடுங்கோ. வண்டி குடுக்கறதா இல்லை. உங்களை அலைய வெச்சுட்டோம், மன்னிச்சுக்கணும்."

அவர் நல்ல மனிதர். காபியைப் புகழ்ந்துவிட்டுப் போனார்.

அவளே சொன்னாள். "தினமும் ரெண்டு தரம் பெருமாளைச் சுத்தி வந்துண்டிருக்கேள், என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லை. சேவிக்கற நினைப்பே இல்லாம, பல்லை நினைச்சுண்டு சுத்தியிருக்கேள். நான் இங்க ரெண்டு வருஷமா வாசற்படியில உக்காந்துண்டிருக்கேன்."

அவள் சொன்னது சரி. எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

உள்ளே போய் மணையையும் மடித்த ஜமக்காளத்தையும் கொண்டுவந்தாள். நேற்றே எடுத்து வைத்திருக்கிறாள். சீட்டின்மேல் போட்டதும் அரை முழம் உயர்ந்தது. ஏறி உட்கார நாலு நிமிஷம், என் தோளில் ஒரு கை, கதவில் ஒரு கை. சேஷாத்ரி வாசலுக்கே வந்துவிட்டார். மாமிகளும்.

"மெதுவாப் போங்கோ" என்றாள்.

முதல் கியர். ஒவ்வொரு கோபுரத்துக்கும் எஞ்சினை நிறுத்தச் சொல்லிக் கை கூப்பினாள். வடக்கு வீதியில் காற்றில் புடவைத் தலைப்பு பறந்தது, அவள் அதைப் பிடிக்கவில்லை. வீட்டு வாசல் வந்ததும் நிறுத்தப் போனேன்.

"இன்னொரு சுத்து" என்றாள்.

மூன்று சுற்று. பெட்ரோல் எவ்வளவு என்று பார்க்கவில்லை.