ஓர் அபவுட்டும் உவரிப் படகும்

ஜூலை 9, புதன்கிழமை. பாளையங்கோட்டை.

என் ஜூனியர் செலின் தயாரித்த பிரமாணப் பத்திரத்தில் 'டிஸ்கஸ்' என்ற வினைக்குப் பின்னால் ஓர் 'அபவுட்' இருந்தது. அது வரக் கூடாத இடம். இருமுறை படித்தும் என் கண்ணில் படவில்லை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கண்ணில் பட்டுவிட்டது.

எங்கள் கட்சிக்காரர் உவரி அந்தோணியின் படகை ஊர்க் கமிட்டி கரையிலிருந்து அகற்றாதிருக்க இன்று தடை கிடைத்தாக வேண்டும். படகு நிற்கும் இடத்தை அவருக்கே விடுவது பற்றி அதே கமிட்டி முன்பு பேசி ஒப்புக்கொண்டது என்று பொருள்படும் ஆங்கில வரியை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உரக்கப் படித்தார். அபவுட்டில் நிறுத்தி, "இந்த இங்கிலீஷ் கடற்கரையில கிடைச்சதாம்மா?" என்றார். மன்றம் சிரித்தது. நான் எழுவதற்குள் செலின் எழுந்துவிட்டாள்.

"அந்தச் சொல்லை எடுத்துடுதேன் சார். மிச்ச வரியை ஒத்துக்கிடுதீங்களா?"

நீதிபதியும் அதையே கேட்டார். எதிர்த்தரப்பின் எதிருரையில் அந்த வரிக்கு மறுப்பே இல்லை; மறுக்காதது ஒப்புக்கொண்டதாகவே ஆகும். படகு இருந்த இடத்திலேயே இருக்கலாம் என்று இடைக்கால உத்தரவு ஆயிற்று.

வெளியே வந்ததும் அந்தோணி, "வக்கீலய்யா, ஒரு அபவுட்டுக்கே ஜெயிச்சாச்சு. இன்னும் நாலு போட்டிருக்கலாம்லா" என்றார். செலின் சிரிக்கவில்லை. "திருத்தி நாளைக்குக் கொண்டாரேன் ஐயா" என்றாள் என்னிடம்.

வழக்கு இன்னும் முடிந்துவிடவில்லை. மிகையாக மகிழ இடமில்லை. ஆயினும் வழக்குக் கட்டுக்குப் புதிய மேலுறை போட்டு, வழக்கறிஞர் பெயர்களை எழுதினேன். முதலில் அவள் பெயர். அதன் கீழே என் பெயர்.