சுவர் வெடிப்பில் ஒரு ஆலங்கன்று

ஏங்க,

சாப்பாடு அடுப்பு மேலே இருக்கிறது. சூடு பண்ணிச் சாப்பிடுங்கள்.

நீங்கள் முடி வெட்டப் போயிருந்தபோது உங்கள் போன்சாய் சங்கத் தலைவர் வந்தார். எட்டு வருடமாகக் கம்பி சுற்றி வளைக்கிறீர்களே, அந்தத் தொட்டி ஆலமரத்தைப் பார்த்து "ம்ம்" என்றார். கை கழுவப் பின்பக்கம் போனவர், சுவர் வெடிப்பில் முளைத்த ஆலங்கன்றின் முன்னால் அப்படியே நின்றுவிட்டார். "வெட்டின கைக்குத் தங்கக் காப்பு போடணும்மா!" நாலு மணிக்குச் சங்கத்தையே கூட்டி வருகிறார், அதைத் தொட்டிக்கு மாற்ற.

பிடுங்குங்கள் என்று இரண்டு வருடமாகக் கத்தினேன். இன்றைக்குப் பார்த்துப் பிடுங்கிவிடாதீர்கள்.

பி.கு: எப்படி வெட்டினீர்கள் என்று கேட்டால் விழிக்காதீர்கள். துணி காயப்போட இடிக்கிறதே என்று வாராவாரம் சமையலறைக் கத்தரிக்கோலால் நறுக்கியது நான்.

இன்னொன்று: காப்புக்கு அளவு கொடுக்க நாலு மணிக்கு நானும் வந்துவிடுவேன்.